டாக்டர் சீட்டும் தேதி முடிந்த செய்திகளும்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய சிறைச்சாலை சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் நடந்தால் ஸ்டான்லி மருத்துவமனை. எங்கள் பகுதிப் பெரியவர்கள் அதை இன்னமும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் பூர்வீகம். மருத்துவக் கல்லூரி வந்தது 1938-இல். அங்கே படிக்கும் பிள்ளைகள் நோட்ஸ் நகலெடுக்க என் கடைக்கு வருவார்கள். ரேஷன் கார்டு நகலெடுக்கப் பக்கத்தில் நிற்கும் அம்மாக்களின் கண் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே இருக்கும். பிள்ளைகள் போனதும் என்னிடம் கேட்பார்கள்: "டாக்டருக்குப் படிக்க என்ன செய்ய வேண்டும், தம்பி?"

நான் கடை திறந்தது 2003-இல். அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது, கட்-ஆஃப் 300-க்குப் போடுவார்கள். பிறகு அது ஒழிந்து, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும், 200-க்குக் கட்-ஆஃப். 2017 முதல் நீட். ஆட்டத்தின் விதி இரண்டு முறை மாறியதை இதே மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். அதில் தெரிந்துகொண்டது இது: தெருவில் சுற்றும் செய்தி பெரும்பாலும் கட்டுக்கதை இல்லை. ஒரு காலத்தில் மெய்யாக இருந்து, தேதி முடிந்துபோன செய்தி. மருந்து வாங்கும்போது காலாவதித் தேதி பார்ப்பதுபோல, யார் எதைச் சொன்னாலும் "இது எந்த வருஷத்துச் செய்தி?" என்று கேளுங்கள். கீழே உள்ள படிகளை அந்தக் கேள்வியோடு படியுங்கள்.

படி 1: பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப்?

"கணக்கு இல்லாமல் டாக்டர் ஆக முடியாது" என்பது தவறு. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருந்தால் போதும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள குரூப்பும் செல்லும். கணினி அறிவியல் குரூப் எடுத்து, பிறகு மனம் மாறியவர்களுக்கு முன்பு கதவு அடைத்திருந்தது. உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னால் எழுதித் தேறியவர்களையும் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இருந்தாலும் அது சுற்று வழி. முதலிலேயே உயிரியல் எடுத்துவிடுவது நல்லது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது.

படி 2: உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி யாருடைய பள்ளி?

இந்தப் படியை யாரும் ஒரு படியாகவே நினைப்பதில்லை. எங்கள் பகுதியில் அதிகம் பேர் இடறி விழுவது இங்கேதான்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் இரண்டு எதிரெதிரான தவறான நம்பிக்கைகள் உண்டு.

முதலாவது: "அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே?" இல்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். சத்துணவு உண்டு, இலவசப் புத்தகம் உண்டு, சம்பளத்தை அரசு தருகிறது. ஆனால் இந்த ஒதுக்கீட்டில் அவை வராது. ஒரு மீன்பிடி விசைப்படகு ஓட்டுநரின் மகள், ஆறிலிருந்து பத்து வரை உதவி பெறும் பள்ளி, பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் அரசுப் பள்ளி. இரண்டு வருடம் அரசுப் பள்ளியில் படித்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்காகவே பள்ளி மாற்றியிருந்தார்கள். கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் இந்த விதி உள்ள பக்கத்தை நான் திருப்பிக் காட்டியபோது அவருடைய அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது: "இது மாநகராட்சிப் பள்ளி ஆயிற்றே, அரசுப் பள்ளி இல்லையே?" இதுவும் தவறு. பெயர்ப் பலகையில் 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருக்கும் மாநகராட்சிப் பள்ளிகள் ஒதுக்கீட்டுக்குள் வருகின்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் வருகின்றன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் தகுதி இருக்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய. பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

இந்த ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்டவற்றை மாநில அரசே ஏற்கிறது. 2020-இல் முதல் கலந்தாய்வு நடந்தபோது, தனியார் கல்லூரி கிடைத்தும் பணம் கட்ட வழியில்லை என்று சில பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணத்தை அரசே செலுத்தும் என்ற அறிவிப்பு வந்தது. ஆனால் அந்த முதல் வாரத்துச் செய்திதான் எங்கள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "தனியார் கல்லூரி போட்டால் வாங்காதே, லட்சக்கணக்கில் கேட்பார்கள்."

செய்ய வேண்டியது: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். ஜூன், ஜூலையில் அலைவதைவிட, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: பொங்கலுக்குள் சான்றிதழ்கள்

பீரோவைத் திறந்து மூன்று தாள்களை வெளியே எடுங்கள்: பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ். மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பெயரைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அந்த ஓரெழுத்து எவ்வளவு வேலை வாங்கும் என்பது டெல்லியிலிருந்து வரும் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தெரியும். மதிப்பெண் சான்றிதழில் 'சரவணன் மு'. ஆதாரில் 'சரவணன் முருகேசன்'. சாதிச் சான்றிதழில் 'மு. சரவணன்'. மூன்றும் ஒரே பையன் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவை இருக்கும்படி திருத்திவிடுங்கள். ஆதாரில் திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழில் திருத்துவது நீண்ட யாத்திரை.

அடுத்தது சாதிச் சான்றிதழ். "நம்மிடம்தான் எம்.பி.சி. கார்டு இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் செல்லும்" என்பது பாதிதான் உண்மை. மாநில ஒதுக்கீட்டுக்கு அது செல்லும், அதற்கு வருமானக் கணக்கும் இல்லை. டெல்லியிலிருந்து நிரப்பும் அகில இந்திய ஒதுக்கீட்டில் பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவுகளே கிடையாது. மத்தியப் பட்டியலின் ஓ.பி.சி. மட்டுந்தான். அதற்கு 'வளமான பிரிவினர் அல்லர்' என்று மத்திய அரசின் படிவத்தில் வட்டாட்சியர் அலுவலகம் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்குரியதாக, ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடம் அக்காவுக்காக வாங்கியபோதே தம்பிக்கும் சேர்த்து வாங்கிவைத்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். முன்யோசனை நல்லதுதான், ஆனால் தாள் செல்லாது. இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்பாவோ அம்மாவோ ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருக்கிறார்களா? மணலி, எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. நம் சென்னையிலேயே கே.கே. நகரில் ஒரு கல்லூரி இருக்கிறது. தொழிலாளியின் பிள்ளை என்பதற்கான சான்றிதழை ஈ.எஸ்.ஐ. நிறுவனமே வழங்கும். அட்டையைக் காட்டிக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவதோடு நம் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். அதே அட்டைக்கு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் வாங்கித்தரும் தகுதியும் உண்டு என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

படி 4: நீட் விண்ணப்பம்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீட் வந்த புதிதில், மின்னஞ்சல் முகவரி இல்லாத பிள்ளைகளுக்கு என் கடையின் முகவரியையே கொடுத்துவிடுவேன். கைப்பேசி எண்ணும் சில சமயம் என்னுடையதுதான். உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவனுக்கு விண்ணப்பத்தில் திருத்தம் செய்யச் சொல்லி வந்த செய்தி, என் பெட்டியில் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. நான் பார்த்தபோது திருத்தத் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினான். இன்றும் தெருவில் பார்த்தால் சிரிக்கிறான். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே, கடைக்கு வருவதற்கு முன்பே பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கலந்தாய்வு முடியும்வரை மாற்றாத ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். எந்தக் கடைக்காரரிடமும் விட்டுவைக்காதீர்கள், என்னிடமும்தான்.

விண்ணப்பத்தில் 'பிரிவு' என்ற இடத்தில் எங்கள் ஆட்கள் தடுமாறுவார்கள். பட்டியலில் எம்.பி.சி. இருக்காது. இல்லையே என்று பயந்து பொதுப்பிரிவை அழுத்திவிடுவார்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்து, வளமான பிரிவில் நீங்கள் வராவிட்டால், தேர்வு செய்ய வேண்டியது ஓ.பி.சி.தான். அருந்ததியர் பிள்ளைகள் எஸ்.சி. என்று தேர்வு செய்ய வேண்டும். 2025-இல் பொதுப்பிரிவுக்குக் கட்டணம் 1,700 ரூபாய், ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000. கட்டணத்தில் உள்ள வித்தியாசத்தைவிடத் தகுதி மதிப்பெண்ணில் உள்ள வித்தியாசம் பெரியது.

மொழியிலும் கவனம் தேவை. "தமிழ் மீடியப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தமிழ் என்று தேர்வு செய்தால் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே முடிவு. தேர்வு அறையில் உட்கார்ந்த பிறகு மாற்றிக் கேட்க முடியாது. பயிற்சியின்போதே ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் இரண்டு மொழியிலும் படித்துவைத்த பிள்ளைகள் தெளிவாக எழுதிவிட்டு வருகிறார்கள்.

படி 5: தேர்வும் 'பாஸ்' என்ற சொல்லும்

180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. எந்தக் கேள்விக்கு விடை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி 2025-இல் நீக்கப்பட்டு, தேர்வு மூன்று மணி நேரமாகிவிட்டது. அண்ணன் எழுதிய காலத்து 200 நிமிடக் கணக்கு இப்போது இல்லை. 2025-இல் இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்கே வாயிற்கதவை மூடிவிட்டார்கள். முழுக்கை சட்டை, ஷூ வேண்டாம், செருப்பு போதும்.

முடிவு வந்த அன்று தெருவில் இனிப்பு கொடுப்பார்கள். "நீட் பாஸ், இனி டாக்டர்தான்." இந்தப் 'பாஸ்' பற்றித்தான் நான் வருடா வருடம் தொண்டை வறளப் பேசுகிறேன். தகுதி என்பது பெர்சன்டைல் கணக்கு. பொதுப்பிரிவில் 50-ஆவது பெர்சன்டைல் என்றால் 50 சதவீத மதிப்பெண் இல்லை. எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தினால் தகுதி. 2025-இல் அது 720-க்கு வெறும் 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. அந்த ஆண்டு சுமார் 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேல் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். தகுதி பெற்றீர்கள் என்றால் வரிசையில் நிற்க டோக்கன் கிடைத்தது என்று பொருள். அவ்வளவுதான்.

"பிளஸ் டூவில் 590 எடுத்தாள், அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள் அல்லவா?" என்று கேட்பவர்கள் 2016-இல் நின்றுவிட்டவர்கள். எம்.பி.பி.எஸ். தரவரிசை நீட் மதிப்பெண்ணை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது. ஆனால் அந்தப் பிளஸ் டூ மதிப்பெண் வீணாகவும் போவதில்லை. பி.எஸ்.சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். கால்நடை மருத்துவத்திலும் மாநில இடங்களுக்கு அப்படியே. கால்நடைப் பல்கலைக்கழகத் தலைமையகம் மாதவரம் பால் பண்ணையில், பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்க நம் பிள்ளைகளுக்குத் தோன்றுவதே இல்லை. சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: தொலைபேசி மணி அடிக்கும் வாரம்

முடிவு வந்த மூன்றாம் நாளிலிருந்து அழைப்புகள் வரும். பிள்ளையின் பெயர், மதிப்பெண், ஊர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். "நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் பிடித்துவைத்திருக்கிறோம், முன்பணம் இரண்டு லட்சம்."

தரகர் இடம் பிடித்துவைத்த காலம் ஒன்று இருந்தது, அது மலையேறிவிட்டது. தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையும் மாநிலத் தேர்வுக் குழுவே தரவரிசைப்படி நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. நீட் தகுதி இல்லாமல் எதுவும் கிடையாது. நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. தரகர் உங்களுக்காகச் செய்வதெல்லாம், நீங்களே செய்யக்கூடிய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, இடம் கிடைத்தால் தன்னால் கிடைத்ததாகச் சொல்வது. கிடைக்காவிட்டால் எண்ணை மாற்றிக்கொள்வது.

வெளிநாட்டு வாய்ப்பும் இதே வாரத்தில்தான் வரும். "அங்கே நீட் வேண்டாம்" என்பது 2018-க்கு முந்தைய செய்தி. வெளிநாட்டில் படித்து இங்கே தொழில் செய்ய நீட் தகுதி கட்டாயம். 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி. திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதன்பின் இங்கேயும் 12 மாதப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் தேறுபவர்கள் எழுதுபவர்களில் சிறுபான்மையினரே. வீட்டை அடமானம் வைப்பதற்கு முன் இதை இரண்டு முறை படியுங்கள்.

படி 7: இரண்டு விண்ணப்பங்கள், இரண்டு வாசல்கள்

நீட் எழுதியதோடு கல்லூரி தானாக வந்துவிடாது. கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் இரண்டு இடங்களில். இது தெரியாமல் வீட்டில் கடிதத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, மாநிலத் தேர்வுக் குழு. கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி இயக்கக வளாகத்தில் இயங்குகிறது; விண்ணப்பம் இணையவழியில்தான். அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்கள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு எல்லாம் இங்கே. இரண்டாவது, டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு. நாட்டின் அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அங்கே. "ஜிப்மருக்குத் தனித் தேர்வு" என்பது 2019-ஓடு முடிந்தது. 2025-இல் அகில இந்திய இடங்களுக்கு வைப்புத்தொகை பொதுப்பிரிவுக்கு 10,000 ரூபாய், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 5,000. நிகர்நிலையைத் தொட்டால் இரண்டு லட்சம். அங்கே கட்டணமே ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும் என்பதால், எல்லாவற்றிலும் டிக் அடித்துவிடாதீர்கள்.

மாநில இடங்களில் 69 சதவீத ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப்போட்டி. "சாதிச் சான்றிதழ் வைத்தால் ஓ.சி. இடத்துக்குப் போக முடியாது" என்ற பயம் வேண்டாம். பொதுப்போட்டி என்பது எல்லோருக்கும் பொது. மேலே இருக்கும் தரவரிசைக்காரர் எந்தச் சமூகமாக இருந்தாலும் முதலில் அதில்தான் எடுத்துக்கொள்ளப்படுவார். பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடு அகில இந்திய இடங்களில் உண்டு, தமிழ்நாட்டின் மாநில இடங்களில் இல்லை.

படி 8: கல்லூரிகளை வரிசைப்படுத்துவது

துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டும் ஒருவர் மகளோடு கடைக்கு வந்தார். கையில் நாலாய் மடித்த ஒரு தாள். முதலில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022-இல் திறந்த பதினொன்றில் ஒன்று. பிறகு மூன்று வெளியூர்க் கல்லூரிகள். ஸ்டான்லியும் இல்லை, சென்னை மருத்துவக் கல்லூரியும் இல்லை. "ஸ்டான்லி வேண்டாமா, அண்ணா?" என்று கேட்டேன். "ஆசையாகத்தான் இருக்கிறது. கிடைக்காத இடத்தை முதலில் எழுதினால் கிடைக்கிற இடத்தை வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று சொன்னார்களே?"

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தாளின் ஓரத்தில் பென்சிலால் 'ஸ்டான்லி' என்று எழுதி அழித்த தடம் இருந்தது.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உங்கள் முறை வருகிறது. துவரம் பருப்பு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். தீர்ந்துவிட்டது. பாமாயில்? அதுவும் இல்லை. கோதுமை? இருக்கிறது, வாங்கிக்கொண்டு நகர்கிறீர்கள். முதலில் பருப்பைக் கேட்டதற்காகக் கடைக்காரர் கோதுமையை மறுக்க மாட்டார். நீங்கள் கேட்டு முடிக்கும்வரை பின்னால் நிற்பவர் எதையும் எடுக்கவும் முடியாது. கலந்தாய்வுக் கணினியும் இதைத்தான் செய்கிறது. தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. உங்களுக்குக் கீழே இருப்பவர் திருவள்ளூரை முதலாவதாக எழுதியிருந்தாலும், நீங்கள் ஏழாவதாக எழுதியிருந்தாலும், அது முதலில் உங்களுக்குத்தான் கேட்கப்படும்.

ஆகவே, உண்மையில் எது பிடிக்குமோ அதே வரிசையில் எழுதுங்கள். கிடைக்குமா என்ற கணக்கை அதில் கலக்காதீர்கள். அந்த லாரிக்காரர் தாளைத் திருப்பிப்போட்டு, புதிதாக எழுதினார். முதல் வரியை மகளையே எழுதச் சொன்னார்.

இதற்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டாம் சுற்றில் இடமாற்றம் கேட்கும்போது, இப்போது கையில் இருப்பதைவிட மேலானது என்று நீங்கள் நினைக்கும் கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். புதிய இடம் கிடைத்தால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. பட்டியலை எழுதியபின் 'லாக்' செய்து, அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

படி 9: ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு

"முதல் சுற்றில் கிடைத்ததை விட்டால் அவ்வளவுதான்" என்பதும், "எப்போது வேண்டுமானாலும் விடலாம்" என்பதும் ஒன்றுபோலத் தவறானவை. அகில இந்தியக் கலந்தாய்வில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் பணம் போகாது, அடுத்த சுற்றிலும் கலந்துகொள்ளலாம். இரண்டாம் சுற்றிலிருந்து சேராமல் விட்டால் வைப்புத்தொகை போகும். சுற்று செல்லச் செல்ல விதி இறுகும். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விதிகள். அந்த ஆண்டுத் தகவல் கையேட்டைப் பாருங்கள். இரண்டு வாசலிலும் இடம் கிடைத்தால் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது; எதை விடுவது என்பதைக் கெடு முடிவதற்குள் முடிவு செய்யுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்தான். "அரசுக் கல்லூரியிலும் லட்சம் ஆகும்" என்பது வதந்தி. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் நான்கு லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீட்டில் பதின்மூன்று லட்சத்துக்கு மேல், எல்லாம் ஓர் ஆண்டுக்கு. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கட்டணச் சலுகைக்கானது. தரவரிசையில் ஒரு படிகூட ஏற்றாது.

கல்லூரியில் சேரும் நாளுக்கு: மாற்றுச் சான்றிதழ், இரண்டு பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழ்கள், நீட் அனுமதிச் சீட்டு, நீட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், தேவையானால் ஓ.பி.சி. சான்றிதழ், பள்ளிப் படிப்புச் சான்றுகள், ஒதுக்கீட்டு ஆணை. அசலோடு மூன்று செட் நகல். புகைப்படம் நீட் விண்ணப்பத்தில் ஏற்றிய அதே படமாக இருக்கட்டும். அதை எடுக்கும்போதே ஸ்டுடியோவில் பத்துப் பிரதி வாங்கிவிடுங்கள். அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். என் கடையில் அந்த இயந்திரம் இருக்கிறது, கேட்டாலும் செய்துதர மாட்டேன்.